ஜெட்டுக்குள் விட்ட கம்பி

கிளட்ச் கேபிளைப் பிரித்தால் உள்ளே முறுக்கிய கம்பி இழைகள் இருக்கும். அதில் ஒன்றை உருவி எடுத்து நகத்தால் நிமிர்த்தினேன். தலைமயிரை விடக் கொஞ்சம் தடிப்பு. அதை ஒரு சின்னப் பித்தளைத் துளைக்குள் விட்டு இரண்டு தரம் முன்னும் பின்னும் இழுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடத்தை ஆறு வாரம் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பித்தளைத் துண்டு டிஸ்பென்சர் ஐயாவின் மோட்டார் சைக்கிளுடையது. நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருந்து கொடுப்பவர் அவர். பெரிய டாக்டர்மார் பதுளையில் இருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு அவர்தான் டாக்டர். தோட்டத்தின் கீழ் டிவிசனில் ஆஸ்பத்திரி என்று இரண்டு அறை இருந்தது. மேல் டிவிசன் அங்கிருந்து ஐந்து மைல். அதை ரோடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கல், குழி, ஒரு பக்கம் பள்ளம். கொழுந்து லொறி ஏறும். வேறு எதுவும் ஏற யோசிக்கும். வெள்ளிக்கிழமைதோறும் ஐயா அதில் ஏறி வருவார். வரவேண்டும் என்று சட்டம் இல்லை. நோயாளிகள்தான் இறங்கி வர வேண்டும் என்பதுதான் முறை. அவர் அந்த முறையைப் பார்க்கவில்லை.

அவருடைய வண்டி பெரியது. நாடு சுற்ற வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டியது. அதைத் தோட்டத்துத் துரை ஒருவர் வாங்கினார், மாற்றலாகிப் போகும்போது ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரட்டை சிலிண்டர். முன்னால் காற்றுக் கண்ணாடி. பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. தூர தேசம் போகிறவர்கள் துணிமணி வைக்கிற பெட்டி அது. ஐயா அதில் பாணி மருந்தும் பஞ்சும் ஊசியும் வைத்திருந்தார். ஆள் ஒல்லி. வண்டி மேல் அவரைப் பார்த்தால் எருமை மேல் கொக்கு உட்கார்ந்தது போல இருக்கும். இதை அவர் முகத்துக்கு நேரே என் அக்கா சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்தார்.

என் அக்கா மேல் டிவிசனில், பின் லயத்தில் இருக்கிறாள். லயம் என்றால் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய அறைகள், குடும்பத்துக்கு ஒரு காம்பரா. கொழுந்து எடுக்கிறவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவள்தான். அவளுக்கு இழுப்பு. பனி இறங்கினால் நெஞ்சு விசில் அடிக்கும். வெள்ளிக்கிழமை ஐயா வந்து பார்த்து, ஊசியோ மருந்தோ கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த வெள்ளி வரை தள்ளிவிடுவாள். நான் பசறையில் ஒரு சின்ன கராஜ் வைத்திருக்கிறேன். ஆட்டோ, லொறி, கிடைத்தது எல்லாம் பார்ப்பேன். ஐயாவின் வண்டியைப் பார்ப்பதும் நான்தான். ஆகவே அக்காவின் மூச்சுக்கும் என் ஸ்பேனருக்கும் நடுவில் அந்த மனுசன் இருந்தார். அப்படி நான் அப்போது யோசித்ததில்லை. பிறகுதான் யோசித்தேன்.

ஒரு விசயம் சொன்னால்தான் மற்றது விளங்கும். அந்த வண்டியின் பேட்டரி பழுதாகி ஒரு வருடத்துக்கு மேல். அதற்கான பேட்டரி நாட்டுக்குள் வராத காலம். மிதித்து ஸ்டார்ட் பண்ணும் வசதியும் அதில் இல்லை. என் கராஜில் சார்ஜ் ஏற்றிவிட்டால் காலையில் ஒரு தரம் பிடிக்கும். மலையில் குளிரில் நிறுத்தினால் மறுபடி பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஐயா மேல் டிவிசனில் எஞ்சினை நிறுத்துவதே இல்லை. முன் லயத்துக்கு முன்னால் ஸ்டாண்ட் போட்டு, ஓடவிட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். மூன்று மணித்தியாலம், சில நாள் நாலு. டுக் டுக் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நாளடைவில் அந்தச் சத்தமே மணியாகிவிட்டது. பின் லயம் மலைத் தோளுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து முன் லயம் தெரியாது. சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் ஐயா இருக்கிறார். சமைத்துவிட்டுப் போகலாம், பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் போகலாம். சத்தம் நின்றால் ஐயா போய்விட்டார். போகும்போது ஹோர்ன் அடிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஐயா மறந்துவிடுவார். எஞ்சின் மறக்காது.

வண்டி நின்ற இடத்தில் சும்மா ஓடுவதை எங்கள் தொழிலில் ஸ்லோ என்போம். அதற்கென்று கார்பரேட்டருக்குள் ஒரு குட்டி ஜெட் இருக்கிறது. அதன் துளை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். பெற்றோல் தட்டுப்பாட்டில் ஐயா கேனில் வைத்திருந்து ஊற்றிய பழைய பெற்றோலால் இடது பக்கத்து ஜெட் அடைத்துப் போயிருந்தது. காற்றடித்து ஊதித்தான் அதைச் சுத்தம் பண்ண வேண்டும். கம்பி விடக் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் போச்சு. இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்குக் கரண்ட் இல்லை. கம்பிரசர் ஓடாது. ஐயா வாசலில் நிற்கிறார். மறுநாள் வெள்ளி. கம்பியை விட்டேன்.

வண்டி நன்றாக ஓடியது. இரண்டு வாரம் கழித்து ஐயா வந்தார்.

"தம்பி, மேல நிக்கிறப்ப தடுமாறுது. ஏறுது, எறங்குது, அப்புறம் செத்துப் போகுது."

"ஓடுறப்ப?"

"ஓடுறப்ப குதிர மாதிரி. நின்னாத்தான் நோயாளி."

எனக்குக் கம்பி ஞாபகம் வந்தது. வண்டியை உள்ளே தள்ளினேன்.

கராஜில் ஸ்டார்ட் பண்ணினேன். அழகாக ஓடியது. பத்து நிமிடம் விட்டேன். நிற்கவில்லை. இரண்டு பிளக்கையும் கழற்றினேன். வலது பக்கத்துப் பிளக் காப்பித் தூள் நிறம். அது சரி. இடது பக்கம் வெள்ளை. சுண்ணாம்பு போல வெள்ளை. பிளக் வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதவில்லை, காற்று அதிகம் என்று அர்த்தம். நான் பயந்தது போல துளை பெரிதாகியிருந்தால் பெற்றோல் கூடி, பிளக் கறுத்திருக்க வேண்டும். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். பார்த்தும் பார்க்கவில்லை. துடைத்துவிட்டு மாட்டினேன்.

அடுத்த வெள்ளி நடந்ததுதான் என்னைப் போட்டு அழுத்தியது. ஐயா முன் லயத்தில் காய்ச்சல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே எஞ்சின் செத்தது. அவருக்குக் கேட்டது. கையில் பிள்ளை, அதன் வாயில் தெர்மாமீட்டர், என்ன செய்வார். பிறகு பார்ப்போம் என்று இருந்துவிட்டார். பின் லயத்தில் அக்கா புறப்பட்டு நின்றிருக்கிறாள். செருப்பில் ஒரு கால். சத்தம் நின்றது. ஐயா போய்விட்டார் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஐயா அதன் பிறகும் இரண்டு மணித்தியாலம் அங்கேதான் இருந்திருக்கிறார்.

பின்நேரம் அக்காவுக்கு மூச்சு முட்டியது. கொழுந்து லொறியில் சாக்குக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டு போனார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் நாலு நாள். நான் போனபோது மூக்கிலும் வாயிலும் மூடி போட்டிருந்தது. மூடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

"ஐயா வந்துட்டு வெரசாப் போயிட்டாருடா. என்ன அவசரமோ."

நான் ஆமா என்று தலையாட்டினேன். ஐயா என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வண்டி செத்த கதையை. வாசல் வரை வந்து, ஆஸ்பத்திரிச் சுவரில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என் கம்பி. வேறு என்ன.

அதன் பிறகு ஐயா வண்டியோடு வந்து என் கராஜில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தார். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் கோபப்படவில்லை.

"உங்கக்காவுக்கும் இழுப்பு, இவளுக்கும் இழுப்பு. அவளுக்கு மருந்து என்கிட்ட இருக்கு. இவளுக்கு உன்கிட்ட இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

"பாக்குறேங்க."

"இது இருநூத்தம்பது கிலோ தம்பி. நான் அம்பத்தெட்டு கிலோ. மல மேல செத்தா தள்ள முடியாது. ரெண்டு வெள்ளி பாப்பேன். சரி வரலன்னா மேல் டிவிசனுக்கு வர முடியாதுன்னு ஆபீசுக்கு எழுதிக் குடுத்துருவேன். சனங்க கீழ வரட்டும்."

அக்கா கீழே வர மாட்டாள். ஐந்து மைல் இறங்கி, ஐந்து மைல் ஏற அவளுக்கு நெஞ்சு கிடையாது. லொறி கொழுந்து ஏற்ற வரும் நேரம் ஐயாவின் நேரம் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் தேநீர் குடித்தோம்.

அந்த நாட்களில் நான் பார்க்காத இடமில்லை. டாங்கைக் கழுவினேன். மிதவையின் மட்டம் பார்த்தேன். கொயிலை மாற்றிப் பார்த்தேன். வால்வு இடைவெளி அளந்தேன். பிளக் வயரை வலதிலிருந்து இடதுக்குப் போட்டேன். ஒவ்வொரு தரமும் கராஜில் நன்றாக ஓடும். ஒவ்வொரு வெள்ளியும் மலையில் சாகும். பதுளையில் பழைய சாமான் கடை எல்லாம் அந்த ஜெட்டைத் தேடினேன். ஹாலிஎலவில் பெரிய வண்டி வைத்திருந்த ஒருவரிடம் கேட்டேன். கொழும்புக்குப் போன் பண்ணிக் கேட்டேன். வண்டியின் பெயரைச் சொன்னதும் சிரித்தார்கள்.

செய்யாதது ஒன்றுதான். இடது ஜெட்டை வலதிலும், வலதை இடதிலும் மாற்றிப் போட்டிருக்கலாம். கோளாறு ஜெட்டோடு கூடப் போனால் குற்றம் ஜெட்டில். போகாவிட்டால் வேறெங்கோ. ஒரு அரை மணி நேர வேலை. கைப்பழக்கம் உள்ள எவனும் முதலில் அதைத்தான் செய்வான். நான் அதை மட்டும் செய்யவில்லை. நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. தெரிந்துவிடும் என்ற பயம்தான். தெரியாத வரைக்கும் ஒரு இழையாவது சந்தேகம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

ஐயா கொடுத்த இரண்டில் முதல் வெள்ளியும் போயிற்று. மலையில் இரண்டு தரம் செத்தது. லயத்து ஆட்கள் இறக்கத்தில் தள்ளிவிட்டுத்தான் அவர் வீடு வந்து சேர்ந்தார். இரண்டாவது வெள்ளிக்கு முதல் நாள் நான் சொன்னேன்.

"நானும் வாறேங்க. அது சாகிறத நான் பாக்கணும்."

"நல்ல காரியத்துக்குத்தான் வர்ற" என்றார்.

மறுநாள் கராஜைப் பூட்டிவிட்டு அவர் பின்னால் ஏறினேன். இரண்டு பெட்டிக்கும் நடுவில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி அருமையாக ஏறியது. வளைவுகளில் ஐயா அதோடு பேசிக்கொண்டு போனார். நல்ல பேச்சும் இருந்தது, கெட்ட பேச்சும் இருந்தது. முன் லயம் வந்தது. ஸ்டாண்ட் போட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எஞ்சின் ஓடியது. நான் எதிரே காம்பரா வாசல்படியில் குந்தி உட்கார்ந்து காதைக் கொடுத்தேன்.

பத்து நிமிடம். ஒரு தடுமாற்றம் இல்லை. பதினைந்து நிமிடம். இல்லை. மலையிலிருந்து பனி இறங்கியது. பிறகு தூறல். இந்தப் பக்கம் மழை என்றால் மேலிருந்து விழாது, பக்கத்திலிருந்து வரும். அப்போது பின் லயத்துப் பாதையில் என் அக்கா வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பத்து அடி நடந்து நின்று, பத்து அடி நடந்து நின்று வந்தாள். தலையில் கம்பளி. கொழுந்து எடுக்கும்போது மழைக்குப் போடுகிற தடித்த கம்பளி அது. என்னைப் பார்த்தாள். தலையிலிருந்த கம்பளியை எடுத்தாள். அவள் தலை நனைந்தது. கம்பளியைக் கொண்டுபோய் எஞ்சின் மேல் போட்டாள்.

"ஏய், அந்தப் பக்கம் இழு. மூஞ்சி நனையுது பாரு" என்று முன் லயத்துப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டாள்.

அந்தப் பெண் இன்னொரு கம்பளியோடு வந்தாள். இருவரும் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி சுற்றி, கீழே எல்லாம் சொருகினார்கள். பின்னால் புகைக்குழாயை மட்டும் வெளியே விட்டார்கள். விவரமான ஆட்கள். எனக்கு அதைப் பார்க்க நன்றாக இருந்தது. ஐயா மேல் உள்ள மரியாதை என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"நீ என்ன, வேல வெட்டி இல்லாம?"

"வண்டி பாக்க வந்தேன்."

"அது நல்லாத்தானே ஓடுது."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. சத்தம் மாறியது. ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறி, நொண்டி, இறங்கியது. நான் எழுந்து ஓடினேன். கம்பளியைத் தூக்கினேன். அடுப்பு வாயைத் திறந்த மாதிரி முகத்தில் அனல் அடித்தது. அந்த எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லை, காற்றுப் பட்டுத்தான் ஆற வேண்டும். ரப்பர் வேகிற வாடை. கார்பரேட்டரையும் எஞ்சினையும் சேர்க்கிற ரப்பர்க் கழுத்தைத் தொட்டேன். கையை எடுத்துக்கொண்டேன். பிளக் வெள்ளை. காற்று அதிகம். காற்று எங்கிருந்து வரும்?

"ஐயா!" என்று கத்தினேன். நான் சத்தம் போட்டு அங்கே யாரும் கேட்டதில்லை. நாலு கதவு திறந்தது. "ஒரு சிரிஞ்சு குடுங்க. ஊசி வேணாம். தண்ணி வேணும்."

ஐயா சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பியே கொண்டுவந்தார். வலது ரப்பரைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சினேன். மாற்றம் இல்லை. இடது ரப்பரின் அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கம் பீய்ச்சினேன். சத்தம் சட்டென்று சமமானது. டுக் டுக் டுக். தண்ணீர் காய்ந்தது. மறுபடி நொண்டியது. மறுபடி பீய்ச்சினேன். சமமானது. மூன்று தரம் செய்தேன். முதல் தரம் வண்டிக்காக. மற்ற இரண்டும் எனக்காக.

பழைய ரப்பர். எத்தனையோ வருடத்து ரப்பர், அடியில் ஒரு வெடிப்பு. தண்ணீர் பட்டால் அது கொஞ்ச நேரம் அடைபடும். ஆறியிருந்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும். அதனால் என் கராஜில் ஒன்றும் தெரியவில்லை. கம்பளிக்குள் வெந்தால் வாய் திறந்து காற்றை உறிஞ்சும். மழைக்காலம் தொடங்கிய வாரம்தான் இவர்கள் போர்த்தத் தொடங்கியிருக்கிறார்கள். நான் கம்பி விட்டதும் அதே வாரம். இரண்டும் ஒன்றாகத் தொடங்கின. எனக்கு என்னுடையது மட்டும் தெரிந்தது.

"என்ன தம்பி?" என்றார் ஐயா.

"கம்பிளிங்க. கம்பிளி போத்தி ரப்பர் வெந்து வெடிச்சிருக்கு."

அக்கா எழுந்து வந்துவிட்டாள். இழுப்பு எங்கே போனதோ.

"நாங்க போத்துனதுதான் இப்ப தப்பாப் போச்சா? நம்ம தல நனைஞ்சாலும் பரவால்லன்னு போத்துனோம்."

"அக்கா, அது எஞ்சின். நனையலாம்."

"துடிக்குதேடா! துடிக்கிறத எப்படி மழையில விட்டுட்டுப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

ஐயா திரும்பி நின்று சிரித்தார். தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது. படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க தம்பி சிரிக்கிறாரு" என்று அந்தப் பெண் அக்காவிடம் சொன்னாள், ஏதோ குற்றம் கண்டுபிடித்தது போல. "எனக்கு இவரு பல்லு எப்படி இருக்கும்னே தெரியாது."

அங்கேயே ஒரு வைத்தியம் செய்தோம். ஊசி போடக் கையைக் கட்டுகிற ரப்பர் பட்டி ஐயாவிடம் இருந்தது. எஞ்சினை ஆறவிட்டு, அந்தப் பட்டியை வெடிப்பின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே பிளாஸ்டர் ஒட்டினேன். நாலு பேர் தள்ளி, இறக்கத்தில் ஸ்டார்ட் பண்ணினோம். ஸ்டாண்டில் போட்டோம். அன்றைக்குப் பின்நேரம் மூன்று மணி வரை அது ஓடியது. மழையில் நனைந்துகொண்டே ஓடியது. பெண்கள் வாசலில் நின்று பாவமாகப் பார்த்தார்கள். பின் லயத்திலிருந்து ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அக்கா கடைசியாகப் போய் மருந்து வாங்கிக்கொண்டாள்.

இறங்கும் வழியில் முதல் வளைவு தாண்டியதும் நான் சொல்லிவிட்டேன். முகம் பார்க்காமல் பேசுவதற்குப் பின் சீட் நல்ல இடம்.

"ஜெட்டுக்குள்ள கம்பி விட்டுட்டேங்க. அந்த மொத தடவ. அதுதான் காரணம்னு நெனச்சேன்."

ஐயா வண்டியை மெதுவாக்கினார். நிறுத்தவில்லை.

"பிளக் என்ன நிறம் இருந்துச்சு?"

"வெள்ளைங்க."

"வெள்ளன்னா காத்து அதிகம்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த?"

"ஆமாங்க."

"அப்புறம்?"

கீழ் டிவிசன் வந்ததும் ஐயா இறங்கி, கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "இழுப்பு வந்தவுங்க நெஞ்சுல காது வச்சுப் பாக்காம, அவுங்க என்ன தின்னாங்கன்னு ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன் நானும் ஒரு தடவ. ஆஸ்பத்திரி தொடங்கின புதுசுல. அது யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லாத."

பிறகு லொறி டியூபை வெட்டி, இரண்டு கிளிப் போட்டு ஒழுங்காகவே அந்தக் கழுத்தைக் கட்டினேன். ஜெட்டுகளை மாற்றியும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி ஓடின. என் கம்பி ஒன்றும் செய்யவில்லை. ஐயா ஆபீசுக்குக் கடிதம் எழுதவில்லை. போர்த்த வேண்டாம் என்று சொன்னால் பெண்கள் கேட்பதாக இல்லை. கடைசியில் முன் லயத்து ஆட்கள் நாலு கம்பு நட்டு மேலே தகரம் போட்டார்கள். பக்கம் எல்லாம் திறப்பு. தகரம் ஏறிய அன்று, கல்யாணமாகி ஒரு வருடமாக மாமியார் காம்பராவில் திரை கட்டிப் படுத்திருந்த ஒரு பையன் சத்தமாகச் சொன்னான், "ஐயா வண்டிக்குக் காம்பரா கெடச்சிருச்சு. அடுத்தது எனக்குத்தான்னு ஆபீசுல சொல்லுங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவன் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

இப்போது ஐயா ஓய்வு. பதுளையில் மகள் வீட்டில் இருக்கிறார். வண்டியும் அங்கேதான். புதுப் பேட்டரி கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது எடுப்பதாகச் சொன்னார். இப்போது வருகிற டிஸ்பென்சர் சின்ன வயசு. ஆட்டோவில் வருகிறார். வரும்போதும் போகும்போதும் ஹோர்ன் அடிக்கிறார், ஒழுங்கான பிள்ளை. அக்காவிடம் வாயில் வைத்து அடிக்கிற பம்ப் இருக்கிறது. முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். இழுப்பு வந்தால் ஆளைக் காத்திருக்க வேண்டியதில்லை.

கம்பி விசயத்தை அக்காவிடம் நான் சொல்லாமலே இருந்தேன். போன மாதம்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தோம், மழை பெய்துகொண்டிருந்தது, சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிச் சுவரில் கை வைத்து நின்றதையும் சொன்னேன். நீ போய்விட்டிருந்தால் நான்தான் காரணம் என்று இருந்திருப்பேன் என்றேன். இவ்வளவு நீளமாக நான் அவளிடம் பேசியதில்லை.

அவள் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அதுதானா?" என்றாள்.

"எது?"

"நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்த பொறவு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கோழி கொண்டாந்தியே. நானும் யோசிச்சேன், இவனுக்கு என்ன திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வந்துச்சுன்னு. அந்தத் தகரம் போட்டதோட கோழியும் நின்னு போச்சு."

நான் தரையைப் பார்த்தேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தா" என்றாள் அக்கா, "இன்னும் ரெண்டு மாசம் கம்பிளியப் போத்தி கோழி தின்னிருப்பேன்ல."

மழை விட்டதும் இறங்கினேன். அடுத்த ஞாயிறு பசறையில் ஒரு கோழி வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். இந்தத் தரம் சும்மாதான்.